மணமேடைக்கு அப்பால்: சிறுவர் கதைகளில் பால்நிலை வார்ப்பும் அதன் மீறலும்

1. வார்ப்பு உருவாகும் இடம்

சிறுவருக்குச் சொல்லப்படும் ராசா ராணிக் கதைகளில் பெண்ணுக்கு நான்கு இலக்கணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவள் அழகி. பொறுமைசாலி. அதிகம் பேசாதவள். எல்லாத் துன்பத்தின் முடிவிலும் ஓர் ஆணால் மீட்கப்பட்டு அவனுக்கே மனைவியாகிறவள். கேள்வி கேட்பவளும் ஆசைப்படுபவளும் அதிகாரம் செலுத்துபவளும் இந்தக் கதைகளில் சூனியக்காரியாக, மாற்றாந்தாயாக, அரக்கியாக வருகிறார்கள். ஆணுக்கும் இலக்கணம் உண்டு. அவன் ஏழையாக இருக்கலாம், கோழையாக இருக்கக் கூடாது. காயம் படலாம், கண்ணீர் விடக் கூடாது. வென்றால் அவனுக்குப் பாதி நாடும் ஓர் இளவரசியும் பரிசு.

மாறாத அச்சில் ஊற்றி எடுக்கப்பட்ட இத்தகைய ஆண், பெண் உருவங்களே பால்நிலை வார்ப்புகள். இவை பழங்கதைகளின் பிறவிக் குணம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மரபைக் காக்க விரும்புவோர் அதனால் கதைகளை அப்படியே சொல்ல வேண்டும் என்கின்றனர். மரபை மாற்ற விரும்புவோர் அதனாலேயே அவற்றைக் கைவிட வேண்டும் என்கின்றனர். இருசாராரும் தொடங்கும் இடமே பிழையானது. வாய்மொழிக் கதைக்குள் வார்ப்பும் இருக்கிறது, அதை உடைக்கும் வலுவும் இருக்கிறது. இரண்டில் எது பிள்ளையின் காதில் விழும் என்பதை மூன்று காரணங்கள் தீர்மானிக்கின்றன: கதையை யார் சொல்கிறார், எந்தக் கதை அச்சுக்குத் தெரிவு செய்யப்படுகிறது, கதை எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறது. முதல் இரண்டும் ஓரளவு பேசப்பட்டுள்ளன. மூன்றாவது குறைவாகவே கவனிக்கப்பட்டுள்ளது. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலியின் கிளையான வெருகல் ஆறு கடலோடு கலக்கும் பகுதியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வழங்கும் கதைகள் இம்மூன்றுக்கும் நல்ல சான்றுகள்.

2. ஐரோப்பியக் கதைகள் அச்சேறியபோது

இன்று உலகெங்கும் பிள்ளைகள் அறிந்திருக்கும் தேவதைக் கதைகள் இரண்டு பெரிய தொகுப்புகள் வழியாக வந்தவை. ஒன்று, பிரான்சில் சார்ல் பெரோ 1697இல் வெளியிட்டது. மற்றது, ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் முதற்பாகத்தை வெளியிட்டு, 1857இல் வந்த ஏழாம் பதிப்புவரை திருத்திக்கொண்டே இருந்தது.

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. பெரோவின் வடிவில் சிறுமியை ஓநாய் தின்றுவிடுகிறது. அழகான பெண்பிள்ளைகள் அறியாதவரோடு பேசக் கூடாது என்ற அறிவுரையோடு கதை முடிகிறது. கிரிம் வடிவில் வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை மீட்கிறான். பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதிவான வாய்மொழி வடிவத்தில் இந்த இரண்டும் இல்லை. ஓநாயின் பிடியில் அகப்பட்ட சிறுமி, வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள். ஓநாய் அவள் காலில் கயிறு கட்டி அனுப்புகிறது. அவள் கயிற்றை அவிழ்த்து முற்றத்து மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். குடியானவர் வீடுகளில் உலவிய சிறுமி தன் புத்தியால் தப்பினாள். அச்சேறிய சிறுமி தண்டிக்கப்பட்டாள், பின்பு ஆணால் காப்பாற்றப்பட்டாள்.

கிரிம் பதிப்புகளின் திருத்தங்களும் கவனிக்கத்தக்கவை. 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் வெண்பனிச் சிறுமியைக் கொல்ல முயல்பவள் பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். ஹான்சல், கிரெட்டல் கதையின் தாயும் 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றாந்தாய் ஆனாள். பெற்றவள் தவறு செய்யமாட்டாள் என்ற கொள்கையைக் காப்பதற்காக மாற்றாந்தாய் என்ற வில்லி பெருக்கப்பட்டாள். ரூத் பொட்டிக்ஹைமர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பதிப்புக்குப் பதிப்பு நல்ல பெண்களின் நேர்ப்பேச்சு குறைந்தது, ஆண்களின் பேச்சும் சூனியக்காரிகளின் பேச்சும் கூடின. நல்லவள் பேசமாட்டாள் என்ற வார்ப்பு இப்படி வரிவரியாகச் செதுக்கப்பட்டது.

கதை நிறுத்தப்படும் இடம் மாறியதற்குத் தூங்கும் அழகியின் கதை சான்று. பெரோவின் வடிவில் இளவரசன் வந்ததோடு கதை முடிவதில்லை. மணத்துக்குப் பின் அரக்கியான மாமியார் பேரப்பிள்ளைகளையும் மருமகளையும் தின்ன முயல்கிறாள். அதைத் தாண்டி வாழ்வதே கதையின் இரண்டாம் பாதி. கிரிம் சகோதரர்கள் அப்பாதியை விட்டுத் திருமணத்தோடு நிறுத்தினர். 1959இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த திரைப்படமும் இளவரசன் முத்தத்தையே முடிவாக்கியது. திருமணம் பெண்ணின் வாழ்வுக்கு முற்றுப்புள்ளி என்ற எண்ணம், பாதிக் கதையை வெட்டி எறிந்ததால் கிடைத்தது.

இதே பிரான்சில் பெரோவின் காலத்திலேயே பெண்கள் கதைகளை எழுதினர். தேவதைக் கதைகள் என்ற வகைப் பெயரையே தம் நூலுக்குச் சூட்டிப் பரப்பியவர் மதாம் தோல்னுவா. அவருடைய ஒரு கதையில் வயதான தந்தைக்குப் பதிலாக மகள் ஆணுடை தரித்து வீரனாகப் போகிறாள். அக்காலத்தில் விரும்பிப் படிக்கப்பட்ட இக்கதைகள் பிற்காலச் சிறுவர் தொகுப்புகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. 1970இல் அலிசன் லூரி, வலிமையான பெண்கள் வரும் நாட்டுப்புறக் கதைகள் ஏராளம் என்று எழுதினார். 1972இல் மார்சியா லீபர்மன் மறுமொழி சொன்னார்: அவை நூலகத்தில் இருந்து பயன் இல்லை, பிள்ளைகளின் மனத்தில் பதிவது எங்கும் கிடைக்கும் சில கதைகளே. இருவர் சொன்னதும் உண்மை. கதை இருப்பது ஒன்று, பிள்ளையைச் சென்றடைவது வேறொன்று.

3. தாய்வழி வீடும் கதையின் முடிவும்

இளவரசி தன் வீட்டைவிட்டு இளவரசனின் அரண்மனைக்குப் போவதே தேவதைக் கதைகளின் வழக்கமான முடிவு. பெண் பிறந்த வீட்டுக்குச் சொந்தமில்லை என்ற சமூக அமைப்பு இதன் பின்னால் நிற்கிறது. இலங்கையின் கீழைக்கரையில் அமைப்பு வேறு. மட்டக்களப்பிலும் அதையொட்டிய பகுதிகளிலும் தமிழர், முஸ்லிம் ஆகிய இரு சமூகத்தாரிடமும் குடி என்பது தாய்வழியாக வருகிறது. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கப்படுகின்றன. மணமகன் பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். அக்காவுக்கும் தங்கைக்கும் அடுத்தடுத்த வளவுகளில் வீடு அமைகிறது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூல் இவ்வமைப்பை விரிவாக ஆராய்கிறது.

பிள்ளை வளர்வது அம்மம்மாவின் கண்முன். பெரியம்மாவும் சின்னம்மாவும் வேலிக்கு அப்பால். கதை சொல்பவர்களில் பெரும்பாலோர் தாய்வழிப் பெண்கள். வீட்டைவிட்டுப் போகும் துயரம் இங்கே மணமகளைவிட மணமகனுக்கே உரியது. அதனால் மாமியார் கொடுமையை மையமாகக் கொண்ட கதைகளின் பொருளும் இங்கே கேட்போருக்கு வேறாகிறது.

இதனால் கீழைக்கரைப் பெண்கள் சமநிலை பெற்றுவிட்டனர் என்று கொள்வது மிகை. கோயில் நிருவாகமும் ஊர்ப்பேச்சும் ஆண்களின் கையில்தான் பெரிதும் உள்ளன. சீதன வீட்டைக் கட்டிமுடிக்கும் சுமை பெண்ணைப் பெற்றவர்களை அழுத்துகிறது. எனினும் வீடு பெண்ணின் பெயரில் இருக்கும் ஊரில், பெண்ணை இன்னொருவன் அரண்மனைக்கு ஏற்றி அனுப்பும் முடிவு இயல்பானதன்று. முன்பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்ட சிண்டரெல்லா படத்தைவிட இங்குள்ள பிள்ளையின் வீட்டு நிலைமை முன்னேறியது. கதை வாழ்க்கைக்குப் பின்தங்கி நிற்கும் இந்த இடைவெளி ஆசிரியர்களின் கவனத்துக்கு உரியது.

4. பேழையில் வந்த பெண்கள்

பிறந்த குழந்தையைப் பேழையில் வைத்து நீரில் விடும் கதை உலகின் பல பகுதிகளில் உண்டு. மோசே, கர்ணன், அக்காத் நாட்டுச் சார்கோன் ஆகியோர் இவ்வாறு விடப்பட்டவர்கள். ஒட்டோ ராங்க் 1909இல் வீரநாயகர்களின் பிறப்புக் கதைகளை ஆராய்ந்தபோது இந்நிகழ்வை முதன்மையாக எடுத்துக்கொண்டார். அவர் ஆராய்ந்த நாயகர்கள் எல்லாரும் ஆண்கள். கீழைக்கரையின் இரண்டு பெரிய பேழைக் கதைகளில் நீரில் விடப்படுபவை பெண்குழந்தைகள்.

முதலாவது ஆடகசவுந்தரியின் கதை. திருகோணமலை மரபிலும், எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'த்திலும் இது இடம்பெறுகிறது. கலிங்க நாட்டு அரசனுக்குப் பிறந்த பெண்குழந்தையால் நாட்டுக்குக் கேடு வரும் என்று நிமித்தம் சொல்லப்படுகிறது. குழந்தையைப் பேழையில் வைத்துக் கடலில் விடுகிறார்கள். பேழை ஈழக் கரையில் ஒதுங்குகிறது. எடுத்து வளர்க்கும் அரசன் மகனில்லாத குறையாக அவளைக் கருதவில்லை, தனக்குப் பின் அவளையே அரசியாக்குகிறான். குளக்கோட்டன் என்னும் சோழ இளவரசன் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ய வந்தபோது, தன் நாட்டில் அந்நியன் இறங்கிவிட்டான் என்று அவனை விரட்டப் படை அனுப்புகிறாள். முடிவில் இருவருக்கும் மணம் நடக்கிறது. கந்தளாய்க் குளத்தோடும் கோயில் ஏற்பாடுகளோடும் இருவர் பெயரையும் மரபு இணைத்துச் சொல்கிறது.

இக்கதையைப் பாடசாலை மேடையில் குளக்கோட்டனின் பெருமையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. அப்போது ஆடகசவுந்தரி திமிர் கொண்டவள், பின் காதலால் அடங்கியவள் என்ற வார்ப்புக்குள் விழுகிறாள். அவள் பக்கத்திலிருந்து சொன்னால் வேறொரு கதை கிடைக்கிறது. கேடு தரும் என்று எறியப்பட்ட பெண், எறிந்தவர்கள் அறியாத கரையில் ஒரு நாட்டைக் காத்தாள். படை அனுப்பியது அரசிக்குரிய கடமை. மணம் இரு அரசுகளுக்கிடையே ஏற்பட்ட இணக்கம். அதன் பின்னும் அவள் அரசியாகவே இருந்தாள். நிகழ்ச்சி ஒன்றையும் மாற்றத் தேவையில்லை. நிற்கும் இடத்தை மாற்றினால் போதும்.

இரண்டாவது கண்ணகியின் கதை. சிலப்பதிகாரத்தில் இல்லாத பிறப்பு வரலாறு ஒன்று கீழைக்கரைக் கண்ணகி வழிபாட்டில் உண்டு. மாங்கனியிலிருந்து பிறந்த குழந்தை, பாண்டியனுக்கு ஆகாது என்று பேழையில் விடப்படுகிறது. வணிகர் எடுத்து வளர்க்கின்றனர். வைகாசிச் சடங்கில் கண்ணகி கோயில்களில் பாடப்படும் 'கண்ணகி வழக்குரை' அவள் அரசனோடு வழக்காடியதையே தலைப்பாகக் கொண்டது. எறியப்பட்ட பெண் திரும்பி வந்து எறிந்த அரசையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறாள். அவளுடைய கதை திருமணத்தில் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

வழிபாட்டைச் சார்ந்த கொம்பு விளையாட்டில் ஊர் இரண்டாகப் பிரிகிறது. வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த கொம்புகளைக் கொளுவி இருசாராரும் இழுக்க, ஒன்று முறியும். கணவன் கட்சியும் மனைவி கட்சியும் சமபலத்தோடு எதிர்நின்று இழுப்பதையும், கண்ணகி கட்சி வென்றால் ஆண்களும் ஆரவாரிப்பதையும் பிள்ளைகள் பார்த்து வளர்கிறார்கள். கற்பின் சின்னமாக மட்டும் கண்ணகியைப் பாடநூல் வழியாக அறிபவர்களுக்கு இந்தக் கண்ணகி கிடைப்பதில்லை.

5. காட்டுப் பெண்கள்: வள்ளியும் குவேனியும்

வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் கதிர்காமப் பாதயாத்திரை வழியில் உள்ளது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கின்றனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலும் இக்கரையோர மக்கள் இடம்பெற்றுள்ளனர். வள்ளி வேடர்குலப் பெண் என்பதால் முருகனை மருமகனாகக் கருதும் உறவு கதிர்காம மரபில் உறுதியாக உள்ளது. எனவே வள்ளி கதை இப்பகுதிப் பிள்ளைகளுக்கு அடுத்த வீட்டுக் கதை.

வள்ளி அரண்மனையில் இருப்பவள் அல்லள். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் வீசிக் கிளியும் குருவியும் ஓட்டுகிறாள். சேனைப் பயிர் செய்யும் குடும்பங்களில் பெண்பிள்ளைகள் பார்த்துவந்த காவல் வேலை இதுவே. வேடன் வடிவில் வந்தவனை மறுத்துப் பேசுகிறாள். கிழவன் வடிவில் வந்தவனுக்குத் தினைமாவும் நீரும் கொடுத்து, அவன் வரம்பு மீறும்போது கண்டிக்கிறாள். உழைப்பும் சொந்தப் பேச்சும் மறுக்கும் துணிவும் உள்ள நாயகி.

அடுத்த காட்சியில் யானை வருகிறது. அஞ்சிய வள்ளி கிழவனைத் தழுவிக்கொள்கிறாள். மறுத்த பெண்ணை அச்சுறுத்தி இணங்கவைக்கும் உத்தி இது. பக்தி மரபு இதைத் திருவிளையாடலாகவும் உயிர் இறைவனைச் சேரும் தத்துவமாகவும் விளக்குகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தத்துவம் எட்டாது, நிகழ்ச்சி எட்டும். எனவே சொல்பவருக்குப் பொறுப்பு உண்டு. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் கதையை அங்கே விட்டுவிடவில்லை. வள்ளியின் தந்தை நம்பியும் வேடர்களும் எதிர்த்துப் போரிட்டு மடிந்தபின், அவர்களை எழுப்பும் சொல் வள்ளியின் வாயிலிருந்து வருகிறது. தந்தைக்கும் சுற்றத்துக்கும் உயிர் கொடுப்பவள் அவளே. ஈழத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் கேட்டவர்கள் அறிந்த இப்பகுதி, சிறுவர் வடிவங்களில் பெரும்பாலும் விடுபடுகிறது. யானையோடு நிறுத்தினால் வள்ளி அஞ்சியவள். இறுதிவரை சொன்னால் உயிர்ப்பித்தவள்.

குவேனி கதை எதிர்த்திசையில் பாடம் சொல்கிறது. மகாவம்சத்தில் அவள் மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கும் இயக்கி. இளவரசன் விசயன் அவளை மிரட்டிப் பணியவைக்கிறான். அவள் உதவியால் இயக்கரை வென்று நாட்டைப் பெறுகிறான். தேவதைக் கதை இங்கே நின்றிருக்கும். வரலாற்றுநூல் தொடர்கிறது. பாண்டிய இளவரசி மதுரையிலிருந்து வந்ததும் குவேனி அனுப்பப்படுகிறாள். தன் இனத்தாரிடம் திரும்பியவளை அவர்களில் ஒருவன் கொல்கிறான். அவளுடைய மகனும் மகளும் மலைநாட்டுக்கு ஓடுகிறார்கள். நாயகனுக்கு எல்லாம் கொடுத்துவிட்ட பெண்ணுக்கு என்ன நேரும் என்ற கேள்வியை இக்கதை ஒளிக்கவில்லை. மேல்வகுப்புப் பிள்ளைகளோடு விசயனின் செயல் சரியா என்று விவாதிக்க இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது அரிது.

6. அல்லி: மீறலும் அடக்கலும்

புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை' பெரிய எழுத்துப் பதிப்புகளாகத் தமிழகத்திலும் ஈழத்திலும் வீடுகளில் வாசிக்கப்பட்டது. மதுரையை ஆளும் அல்லி படைக்கலம் பயின்றவள். நாட்டைப் பறித்தவனை வென்று அரியணை ஏறியவள். அவளுடைய காவலும் படையும் பெண்கள். ஆண் துணை வேண்டாம் என்று வாழ்பவளை அர்ச்சுனன் விரும்புகிறான். நேராக வெல்ல முடியாமல், கண்ணனின் துணையோடு பாம்பு வடிவில் அவள் பள்ளியறைக்குள் நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். அவள் சினந்து எதிர்க்கிறாள். முடிவில் அவனுக்கு மனைவியாகிறாள்.

கதையின் முதற்பாதி தமிழ்ச் சிறுமிக்குக் கிடைத்த மிகத் துணிச்சலான கற்பனைகளுள் ஒன்று. இரண்டாம் பாதி அதற்கு விதிக்கப்பட்ட தண்டனை. அடங்காதவளை அடக்குவது என்ற இந்த வாய்பாடு பிற்காலத் தமிழ்த் திரைப்படங்களிலும் நீடித்தது. பெண் முடிவெடுக்கும் வீட்டை அல்லி ராச்சியம் என்று ஏளனம் செய்யும் பேச்சு இன்றும் மறையவில்லை. அர்ச்சுனன் வெற்றிபெற்ற விதம் வஞ்சகம் என்பதைக் கதை மறைக்கவும் இல்லை. வாளால் அவளை வெல்ல முடியவில்லை என்று பாடியவரே ஒப்புக்கொள்கிறார்.

அல்லி நாடக மேடையிலும் செல்வாக்குப் பெற்றவள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பெண் வேடம் ஏற்றவர்கள் சிறுவர்கள். மட்டக்களப்புக் கூத்து மரபிலும் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடிவந்தனர். பெண்ணின் வீரத்தை மேடையில் காட்டப் பெண்ணுக்கே இடமில்லாத நிலை அது. இன்று பாடசாலைக் கூத்துகளில் மாணவியர் ஆடுகின்றனர். அல்லியை ஒரு மாணவி ஆடும்போது பாத்திரத்தின் சினம் முதன்முறையாக உரியவளின் குரலில் ஒலிக்கிறது. உறங்கும்போது கட்டிய தாலி செல்லுமா என்று அவள் சபையைக் கேட்கும் ஒரு காட்சி சேர்த்தால், மரபு குலையாமலே கதை நியாயம் பெறும்.

7. பெண்கள் தமக்குள் சொல்லும் கதைகள்

வீட்டுக்குள் பெண்கள் சொல்லும் கதைகள் தனி அமைப்புடையவை என்பதைத் தென்னிந்தியக் கதைகளைத் திரட்டிய ஏ. கே. ராமானுஜன் (1929–1993) எடுத்துக்காட்டினார். ஆண்களை மையமாகக் கொண்ட கதைகளில் நாயகன் வெளியே போகிறான், சாகசம் செய்கிறான், மணத்தோடு கதை முடிகிறது. பெண்களை மையமாகக் கொண்ட கதைகளில் மணத்துக்குப் பிறகே சிக்கல் தொடங்குகிறது. பெண் தன் துன்பத்தைத் தானே வாய்திறந்து சொல்லும் கட்டத்தில்தான் அது தீர்கிறது. பல கதைகளில் கணவனை மீட்பவளும் அவளே.

1991இல் வெளியான அவருடைய இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் ஒரு தமிழ்க் கதை உண்டு. மகன்களாலும் மருமகள்களாலும் துன்புறும் விதவை ஒருத்தி, சொல்ல ஆளில்லாமல் மனத்துக்குள் அடக்கி அடக்கி உடல் பருத்துப்போகிறாள். பாழடைந்த வீடொன்றின் சுவர்களிடம் ஒவ்வொரு குறையாகச் சொல்கிறாள். சொல்லச் சொல்லச் சுவர்கள் இடிந்து விழுகின்றன, அவள் உடல் இலேசாகிறது. மந்திரக்கோலும் இளவரசனும் இக்கதையில் இல்லை. பேச்சே விடுதலை தருகிறது. கிரிம் பதிப்புகள் நல்லவளின் வாயை மூடியதற்கு நேர் எதிரான கொள்கை இது.

அச்சேறிய தமிழ்க் கதைகளில் இரண்டு இழைகளும் பின்னிக் கிடப்பதும் உண்டு. நடேச சாஸ்திரியும் கிங்ஸ்கோட் சீமாட்டியும் 1890இல் வெளியிட்ட தொகுப்பில் புலியை மணந்த பெண்ணின் கதை வருகிறது. அழகான ஆணைக் கண்டால் மணக்க ஆசைப்படும் பெண்ணுக்குப் பிராமண வேடமிட்ட புலி கணவனாக வாய்க்கிறது. தொடக்கம் ஆசைப்பட்ட பெண்ணுக்கு எச்சரிக்கை. காட்டுக்குள் போனபின் அவள் அழுது மடிவதில்லை; காகத்தின் வழியாகத் தமையன்மாருக்குச் செய்தி அனுப்பித் தப்பும் வழியைத் தேடுகிறாள். எச்சரிக்கையை மட்டும் எடுத்துச் சொல்வதா, தப்பித்த திறமையை எடுத்துச் சொல்வதா என்பது சொல்பவரின் தெரிவு.

அழகு பற்றிய வார்ப்புக்கும் தமிழ் மரபில் மறுப்பு உண்டு. மணம் பேச வந்தபோது விநாயகரை வேண்டி முதுமையைப் பெற்றாள் ஔவை என்பது பிள்ளைகள் அறிந்த கதை. காரைக்கால் அம்மையார் அழகிய உடலை நீக்கிப் பேய் வடிவம் வேண்டினார். அழகே பெண்ணின் செல்வம் என்று சொல்லும் கதைகளுக்கு நடுவே, அழகைச் சுமையாகக் கண்டு இறக்கிவைத்த இருவர் தமிழின் முதன்மையான புலவர்களாக மதிக்கப்படுகின்றனர்.

8. மாற்றி எழுதுதலும் அதன் எல்லையும்

கடந்த அரை நூற்றாண்டில் வார்ப்பை உடைக்கும் நோக்கோடு சிறுவர் நூல்கள் பல வந்துள்ளன. அவற்றில் பெரிதும் அறியப்பட்டது கனடாவில் ரொபர்ட் மன்ச் 1980இல் எழுதிய காகிதப்பை இளவரசி கதை. பறவைநாகம் இளவரசனைத் தூக்கிச் செல்ல, உடையெல்லாம் எரிந்துபோன இளவரசி எலிசபெத் காகிதப் பையை அணிந்து போய் அவனை மீட்கிறாள். அவன் நன்றி சொல்லாமல் அவளுடைய கோலத்தைப் பழிக்கிறான். அவள் அவனை மணக்காமல் போகிறாள்.

ஆஸ்திரேலியாவில் புரொன்வின் டேவிஸ் இக்கதையை முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்து, அவர்கள் சொன்னதைப் பதிந்து 1989இல் நூலாக்கினார். பிள்ளைகள் பலர் கதையை எழுதியவர் எண்ணியபடி புரிந்துகொள்ளவில்லை. எலிசபெத் முகம் கழுவி நல்ல உடை உடுத்தி வந்திருக்கலாம் என்று எண்ணினர். இளவரசனையே நாயகனாகக் கண்டவர்களும் இருந்தனர். நூறு கதைகளில் கேட்டுப் பழகிய வார்ப்பை ஒரு கதை அழித்துவிடாது என்பதை இந்த ஆய்வு நிறுவியது. தலைகீழாக மாற்றிய கதை, பழைய கதையை அறிந்தவருக்கே சுவைக்கும். அதனால் கதைக்குப் பின் நடக்கும் உரையாடல் கதையளவுக்கே முக்கியமாகிறது.

இந்தியாவில் சென்னையைச் சேர்ந்த தாரா, தூலிகா, கரடி டேல்ஸ் ஆகிய பதிப்பகங்கள் 1990களிலிருந்து இத்துறையில் பணியாற்றுகின்றன. மகாசுவேதா தேவி எழுதித் தூலிகா வெளியிட்ட கதையில் மொய்னா என்னும் சபர் பழங்குடிச் சிறுமி ஆடு மேய்க்கிறாள், எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிறாள், கேட்டுக் கேட்டே படிக்கப் போகிறாள். அவள் இளவரசியாக வேண்டியதில்லை. கரையோர வேடர் குடும்பத்துப் பிள்ளைக்கு அரண்மனைக் கதைகளைவிட மொய்னா நெருக்கமானவள்.

நல்ல மாற்றத்துக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கதையைக் கேட்கும் கோணத்தை மாற்றுவது. ஆடகசவுந்தரி கதைக்கு இது பொருந்தும். இரண்டாவது, வெட்டப்பட்ட பகுதியை மீட்பது. வள்ளி கதைக்கு இது பொருந்தும். மூன்றாவது, புதிய கதையை எழுதுவது; மொய்னா போன்ற பாத்திரங்கள் இவ்வகை. இளவரசன் கையிலிருந்த வாளை இளவரசிக்குக் கொடுப்பதோடு நின்றுவிடும் மாற்றம் வலுவற்றது. வெல்வதும் ஆள்வதுமே மதிப்பு என்ற அளவுகோலை அது அப்படியே விட்டுவிடுகிறது.

9. ஆண்பிள்ளையின் வார்ப்பு

வார்ப்பினால் ஆண்பிள்ளைக்கும் இழப்பு உண்டு. அஞ்சக் கூடாது, அழக் கூடாது, தோற்கக் கூடாது என்று கேட்டு வளரும் பிள்ளை அச்சத்தைச் சினமாக வெளியிடக் கற்கிறான். ஆயுதம் ஏந்தியவனே நாயகன் என்ற கதை போருக்குள் வளர்ந்த தலைமுறையிடம் என்ன செய்திருக்கும் என்பதைக் கீழைக்கரை நன்கு அறியும்.

தமிழ் நாட்டுப்புறக் கதைகளில் இதற்கும் மாற்று உண்டு. மாமியார் வீட்டில் தின்ற கொழுக்கட்டையின் பெயரை மறந்து வழிநெடுகத் தடுமாறும் மருமகன் கதை, தோற்கும் ஆணைப் பிள்ளைகள் அன்போடு பார்த்துச் சிரிக்க இடம் தருகிறது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து பழகும் கீழைக்கரையில் இக்கதைக்குத் தனிச் சுவை. புதிய நூல்களில் மம்தா நைனி எழுதிக் கரடி டேல்ஸ் வெளியிட்ட சாதிக் என்னும் சிறுவனின் கதை குறிப்பிடத்தக்கது. இடம்பெயர்ந்து வாழும் பக்கர்வால் சமூகத்தில் பெண்களுக்குரியதாகக் கருதப்படும் ஊசிவேலையை அவன் விரும்புகிறான். தாய் முதலில் தடுக்கிறாள். அவன் தன் கைத்திறத்தால் அவள் மனத்தை மாற்றுகிறான். சமைக்கும் தந்தை, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், பயத்தை வாய்விட்டுச் சொல்லும் வீரன் ஆகியோர் தமிழ்ச் சிறுவர் கதைகளில் இன்னும் பெருக வேண்டும்.

10. வெருகல் பகுதியில் செய்யத்தக்கவை

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியது. 2006இல் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்கள் போரினால் வாகரைக்கும் பின்னர் மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்தனர். கணவனை இழந்தும் பிரிந்தும் பெண்கள் தனியே குடும்பத்தைக் கொண்டுநடத்தினர். பிள்ளைகளைக் கைப்பிடித்து ஆறு கடந்தவர்கள், தற்காலிகக் கொட்டிலில் அடுப்பு மூட்டியவர்கள், திரும்பி வந்து காணியைத் துப்புரவாக்கியவர்கள் தாய்மாரும் அம்மம்மாக்களுமே. மீட்க வரும் ஆணுக்காகக் காத்திருக்கும் நாயகி இப்பிள்ளைகளின் அனுபவத்துக்கே பொய்யானவள். இடப்பெயர்வில் ஏட்டுப்பிரதிகளும் நூல்களும் அழிந்தபோது கதைகள் முதியோரின் நினைவில் எஞ்சின. அவர்களும் குறைந்துவருகிறார்கள்.

முதற்பணி பதிவு. தமிழ்ப் பெண்களிடமும் மூதூர்ப் பகுதி முஸ்லிம் பெண்களிடமும் கரையோர வேடர் முதியோரிடமும் கதைகளையும் நொடிகளையும் குரற்பதிவாக எடுக்க வேண்டும். வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' ஒரு பிரதேசத்தின் மரபுச் செல்வத்தை ஒருவரே திரட்ட முடியும் என்பதற்கு முன்மாதிரி. திரட்டியவற்றைப் பேண நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் போன்ற ஏற்பாடுகள் இன்று உள்ளன. சொன்னவரின் பேச்சுநடையைத் திருத்தாமலும், பெண் பேசிய இடங்களைச் சுருக்காமலும், முடிவை வெட்டாமலும் எழுத்தில் பெயர்ப்பது கட்டாயம்.

இரண்டாவது பணி முன்பள்ளிக்கும் ஆரம்ப வகுப்புக்கும் உரியது. கதையைச் சொல்லிமுடித்தபின் ஆசிரியர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கதையில் வேலை செய்தவர் யார், பயன் பெற்றவர் யார்? அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? கலியாணம் முடிந்த மறுநாள் என்ன நடந்தது? பாட்டி வடை சுட்ட கதைக்குக்கூட இவை பொருந்தும். வடை விற்றுத் தன் காலில் நிற்கும் கிழவியின் இழப்பைப் பற்றிக் காகமும் நரியும் கவலைப்படுவதில்லை, கேட்கும் பிள்ளை கவலைப்படலாம்.

மூன்றாவது பணி சொல்பவரைப் பெருக்குவது. வாசிகசாலையில் மாதம் ஒருமுறை அம்மம்மாக்கள் கதை சொல்லும் ஏற்பாடு செலவில்லாதது. அப்பாக்களும் பெத்தப்பாக்களும் அங்கே வந்து சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் கதை சொல்வது பெண்ணின் வேலை என்ற வார்ப்பு அங்கேயே உடையும். கேட்ட கதையைப் பிள்ளைகள் தாமே திருப்பிச் சொல்லவும், முடிவுக்குப் பின் நடந்ததைச் சேர்க்கவும் இடமளிக்க வேண்டும். அவ்வாறு சேர்த்தவற்றைச் சொன்ன பிள்ளையின் ஊர், வயது ஆகியவற்றோடு சிறுநூலாக்கினால், அடுத்த வகுப்புக்கு அதுவே வாசிப்பு நூலாகும்.